ஓவிட்டின் நாடுகடத்தற் கவிதையும் தும்பறை நாடும்

உரோமாபுரியின் பெருங்கவிஞருள் ஒருவராகிய ஓவிட் தம் முதுமைக் காலத்திற் கருங்கடற் கரையிலிருந்து நண்பர்களுக்கு எழுதியனுப்பிய செய்யுட் கடிதங்கள் நான்கு தொகுதிகளாக நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் முதற்றொகுதியில், மாக்ஸிமஸ் என்னும் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில், இந்துக்கடல் சூழ்ந்த தப்ரபேன் என்னும் தீவின் பெயர் ஓரடியில் வந்து மறைகிறது. தப்ரபேன் என்பது மேனாட்டார் ஈழத்திற்கு இட்டு வழங்கிய பழம்பெயர். உலகின் அந்தத்திலுள்ள அத்தகைய இடங்களில் தம் பாட்டைப் புகழ்ந்தாலும் அதனாற் றமக்கு ஆவதொன்றில்லை என்பதே அங்குக் கவிஞர் கூறவந்த கருத்து. புகழ் பயனற்றுப் போகும் எல்லைக்கு எடுத்துக்காட்டாகவே இத்தீவு அவர் நாவில் இடம்பெற்றது. கிளாடியஸ் மன்னன் அவைக்கு ஈழத்திலிருந்து தூதர் சென்ற செய்தியைப் பிளினி என்பார் எழுதிவைத்தது இதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னராகும். ஆகவே ஓவிட் அறிந்த ஈழம் வெறும் பெயரளவில் நின்ற ஈழமே.

ஆயினும் அப்பெயரை அவர் உச்சரித்த நிலை சிந்தனைக்குரியது. நாடிழந்த ஒருவர், தாம் இருக்கும் இடமும் உலகின் எல்லையே என்று வருந்துகின்ற வேளையில், மற்றோர் எல்லையை நினைக்கிறார். நாடுகடத்தல் என்னும் துன்பம் அவ்வெல்லை நாட்டிலும், சிறப்பாகக் கண்டியைச் சூழ்ந்த மலைப்பகுதியிலும், பிற்காலத்திற் பல வடிவங்களில் நிகழ்ந்தது. அதனால் ஓவிட்டின் நூல்களை வத்தேகம போன்றதோர் ஊரிலிருந்து படிப்பார்க்கு அவை உரோமாபுரியின் பழங்கதையாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

ஓவிட் கி. மு. 43 ஆம் ஆண்டில், உரோமாபுரிக்குக் கிழக்கே மலைநாட்டிலுள்ள சுல்மோ என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை அவரை வழக்குமன்றத்துக்கு ஆளாக்க விரும்பினார். மகனோ எதை எழுத முற்பட்டாலும் அது தானே செய்யுளாக வந்தமைந்தது எனத் தம் வரலாற்றைக் கூறுகிறார். காதற் பாடல்களால் இளமையிலேயே புகழ்பெற்றார். காதற்கலை என்னும் நூல் அவர்க்குப் பெரும் புகழையும் பின்னர்ப் பெரும் பகையையும் தேடித் தந்தது. ஒகஸ்தஸ் பேரரசன் குடும்ப ஒழுக்கத்தைச் சட்டத்தால் நிலைநாட்ட முயன்ற காலம் அது. கி. பி. 8 ஆம் ஆண்டில், கவிஞர் எல்பாத் தீவிலிருந்த வேளையில், இடி விழுந்தாற் போலச் செய்தி வந்தது. கருங்கடலின் மேற்குக் கரையிலுள்ள தோமிஸ் என்னும் ஊருக்கு அவர் சென்று வாழவேண்டும் என்பது அரசாணை. ஒரு பாட்டும் ஒரு பிழையுமே தம்மைக் கெடுத்தன என்று ஓவிட் கூறுகிறார். பாட்டு எது என்பது வெளிப்படை. பிழை எது என்பதை அவர் ஈற்றுவரை வாய்திறந்து கூறவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர் அதனை ஊகித்து எழுதிய ஏடுகளை அடுக்கினால் ஓவிட்டின் நூல்களினும் அவை உயர்ந்து நிற்கும்.

தோமிசுக்குப் புறப்படுமுன் அவர் பெரும்பாலும் முடித்து வைத்திருந்த நூலே உருமாற்றங்கள் எனத் தமிழிற் கூறத்தக்க பெருங்காப்பியம். பதினைந்து பகுதிகளும் ஏறத்தாழப் பன்னீராயிரம் அடிகளும் கொண்ட இந்நூலில், இருநூற்றைம்பது அளவிலான கதைகள் ஒன்றன் வாலை ஒன்று பற்றிச் செல்வனபோலத் தொடர்கின்றன. உலகம் உருவற்றுக் கிடந்த நிலையிற் றொடங்கி, ஜூலியஸ் சீசர் விண்மீனாகியது வரை நூல் செல்கிறது. மங்கை மரமாகிறாள், வேட்டைக்காரன் மானாகித் தன் நாய்களாலேயே கிழிபடுகிறான், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் அழுதழுது கல்லாகிறாள்.

நம் புராணங்களிலும் உருமாற்றத்துக்குக் குறைவில்லை. அகலிகை கல்லானாள், நகுடன் பாம்பானான். எனினும் இரண்டிற்கும் இடையே அடிப்படையானதொரு வேற்றுமை உண்டு. நம் கதைகளிற் சாபம் உண்டாயின் சாபவிமோசனமும் உண்டு. யாரோ ஒருவரின் பாதத்தூளியோ, ஒரு தீர்த்தத்தின் நீரோ, குறித்த காலத்தின் முடிவோ பழைய உருவை மீட்டுத் தரும். ஓவிட்டின் உலகில் அத்தகைய மீட்சி அருமை. பசுவாக்கப்பட்ட அயோ மீண்டும் பெண்ணாகிறாள். பெரும்பாலானோர்க்கு அப்பேறு வாய்ப்பதில்லை. உருமாறியவர் பலர் உள்ளத்தால் முன்போலவே இருந்தும், பேசும் ஆற்றலை இழந்துவிடுகின்றனர் என்பதே அக்கதைகளின் கொடுமை. மானாகிய வேட்டைக்காரன் தன் பெயரைச் சொல்லி நாய்களைத் தடுக்க முயல்கிறான். வாயில் மொழி வரவில்லை. தோமிசுக்குச் சென்றபின், தம் விதியையும் அந்நூலிற் கூறிய உருமாற்றங்களோடு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஓவிட் எழுதினார். அது வெறும் அணியன்று. தமக்கு விமோசனம் வரும் என்று அவர் ஒன்பது ஆண்டுகளாக எதிர்பார்த்தார், வரவில்லை.

அந்நூலின் ஈற்றுப் பகுதியில் பைதகரஸ் என்னும் மெய்ஞ்ஞானி நின்று, நிலம் கடலாவதும் கடல் நிலமாவதும் காலத்தின் இயல்பென நீண்டதோர் உரை நிகழ்த்துகிறார். வத்தேகமவையும் அதைச் சூழ்ந்த தும்பறைப் பள்ளத்தாக்கையும் அறிந்தவர்க்கு அவ்வுரை உவமை வேண்டாமலே விளங்கும். காடாயிருந்த சரிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற் கோப்பித் தோட்டங்களாயின. 1869 ஆம் ஆண்டில் இலைநோய் தலைகாட்டி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அக்கோப்பி முழுவதும் அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலையும், பள்ளத்தாக்கிற் கொக்கோவும் பிடித்தன. 1880 இற் கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்து, 1985 இல் விக்டோரியா அணை நிறைவேறியபோது, மகாவலி நீர் பெருகிப் பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்தது. நீர் வற்றுங் காலத்திற் பழங்கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டுவதைக் காண்போர், கடலின் அடியிற் பழைய நகர் கிடப்பதைப் பாடிய உரோமக் கவிஞரை வியவாதிரார்.

இனி நாடுகடத்தற் கவிதைகளை நோக்குவோம். துயரப் பாடல்கள் என்னும் நூலின் முதற்பகுதியில், உரோமாபுரியிற் றாம் கழித்த ஈற்று இரவை ஓவிட் வருணிக்கிறார். வீடு இழவு வீடுபோல இருக்கிறது, மனைவி அழுகிறாள், வாயிலைக் கடந்தவர் மீண்டும் உள்ளே வருகிறார், விடைபெற்றவர் மீண்டும் விடைபெறுகிறார். நள்ளிரவில் நிமிர்ந்து நிலவைப் பார்க்கிறார். அந்நிலவொளியில், தம் வீட்டை அடுத்து உயர்ந்து நின்ற கோயிற் குன்று தோன்றுகிறது. அத்தனை அண்மையில் இருந்தும் அத்தெய்வங்கள் உதவவில்லையே என்பது அவர் ஏக்கம்.

தமிழ் மாணாக்கர்க்கு இவ்விடத்திற் புறநானூற்றிலுள்ள பாரிமகளிர் பாட்டு நினைவுக்கு வராமற் போகாது. பறம்புமலையை மூவேந்தரும் கொண்டபின், தந்தையையும் மலையையும் இழந்த இரு பெண்கள், சென்ற திங்களின் முழுநிலவையும் இத்திங்களின் முழுநிலவையும் ஒப்பிட்டுப் பாடிய ஐந்தடிச் செய்யுள் அது. உரோமக் கவிஞரும் பறம்பு மகளிரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரும் நிலவையே நோக்கினர், நிலவொளியிற் குன்றையே நினைந்தனர். இழந்த நாட்டிலிருந்து உடன்கொண்டு செல்லத்தக்க பொருள் நிலவொன்றே போலும். வேற்றுமையும் கருதத்தக்கதே. ஓவிட் நூறடிக்கு மேல் விரித்து, தாம் விழுந்ததையும் எழுந்ததையும் விடாது கூறுகிறார். பாரிமகளிரோ கண்ணீரென்ற சொல்லையும் கையாளவில்லை. கவிதைத் திறத்தை மட்டும் வைத்து நோக்குமிடத்துப் பறம்பு மகளிரின் ஐந்தடியே விஞ்சி நிற்கிறது எனல் வேண்டும்.

ஓவிட்டின் இப்பாடல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வார் சற்று விழிப்பாக இருத்தல் நன்று. தோமிசின் குளிரை அவர் வருணிக்கையில், திராட்சை மதுவே உறைந்து சாடியின் வடிவில் நிற்கும் என்றும், தன்யூப் ஆற்றின்மேல் வண்டிகள் செல்லும் என்றும் கூறுகிறார். அவ்வூர் இன்று உருமேனியாவிற் கொன்ஸ்தான்சா எனப்படும் துறைமுக நகர். கோடையில் நீராடச் செல்வார் நிறைந்த கரை. வெர்ஜில் தம் உழவு நூலில் வடநாட்டுக் குளிரைப்பற்றிப் பாடியதிலிருந்தும் ஓவிட் எடுத்தாண்டுள்ளார் என அறிஞர் காட்டியுள்ளனர். அவர் தோமிசுக்குச் செல்லவேயில்லை என்று வாதித்தவரும் உளர். அது மிகையே. எனினும் மன்னிப்பு வேண்டி எழுதும் கடிதத்திற் குளிர் சற்று மிகுந்திருப்பது இயல்பு.

சட்டத்தின் நுட்பமொன்றையும் இங்கு விளக்கவேண்டும். உரோமச் சட்டத்தில் நாடுகடத்தல் இருவகைப்படும். ஒன்று குடியுரிமையையும் உடைமையையும் பறிப்பது. மற்றது, குறித்தவோர் இடத்தில் வாழுமாறு கட்டளையிடுவது மட்டுமே. ஓவிட் பெற்றது இரண்டாவது. அவர் நூல்கள் பொது நூல்நிலையங்களில் விலக்கப்பட்டன; ஆனால் அவருடைய வீடும் நிலமும் அவருக்கே இருந்தன; உரோமக் குடிமகன் என்ற உரிமையும் போகவில்லை. இதனைத் தம் பாடல்களில் அவர் வற்புறுத்திக் கூறுகிறார். உலகின் எல்லைக்குத் துரத்தப்பட்ட நிலையிலும் தாம் உரோமர் என்பதற்குச் சட்டம் சான்று என்பதே அவருக்கு எஞ்சிய ஆறுதல்.

ஓவிட்டின் நூல்கள் பிற்காலத்தை எவ்வாறு ஆண்டன என்பது நன்கறியப்பட்டதாகலின் ஈண்டு விரித்தல் வேண்டா. தாந்தே அவரைப் பெருங்கவிஞர் குழுவில் வைத்தார். கோல்டிங் என்பார் 1567 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேக்ஸ்பியர் பயின்றார். தென்னுருசியாவுக்கு அனுப்பப்பட்ட புஷ்கின், அக்கரையிலேயே முன்பு வாழ்ந்த ஓவிட்டை விளித்து 1821 இற் பாடினார். தம் உருமாற்றக் காப்பியத்தின் முடிவில், உரோமர் ஆட்சி பரவிய நிலமெங்கும் தம் பாட்டு மக்கள் வாயில் வாழும் என்று ஓவிட் கூறியிருந்தார். உரோமர் ஆட்சி ஈழத்தைத் தீண்டவில்லை. வேறொரு பேரரசு வந்தது. அதன் பள்ளிக்கூடங்கள் இலத்தீனைக் கொணர்ந்தன. கொழும்பிலும் கண்டியிலும் எழுந்த ஆங்கிலக் கல்லூரிகளில் தப்ரபேன் தீவின் பிள்ளைகள் ஓவிட்டைப் பாடமாகப் படித்தனர். உரோமாபுரியிற் கல்விபயின்ற தனிநாயக அடிகள் பேராதனையிற் பணியாற்றிய காலமும், சங்கப் பாடல்களின் இயற்கையை உலகச் செவ்விலக்கியங்களோடு ஒப்புநோக்கிய அவர்தம் ஆய்வும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன.

அப்பேரரசின் ஆட்சியாளர்களுக்கும் இலத்தீன் இளமைக் கல்வியே. கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியைத் திட்டமிட்ட ஜோன் டொயிலி, வெஸ்ட்மினிஸ்டர் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றவர். அக்காலத்து ஆங்கிலப் பள்ளி மாணாக்கன் ஓவிட்டின் யாப்பைப் பின்பற்றிச் செய்யுளியற்றப் பழகாமல் மேல்வகுப்புக்குச் செல்வது அரிது. நாடுகடத்தலின் துயரை அதன் தலைசிறந்த கவிஞரிடமே பாடங்கேட்டு வளர்ந்த வகுப்பினர், பிறரை நாடுகடத்தும் தொழிலை யாதொரு தயக்கமுமின்றி நடத்தினர்.

அத்தொழில் இப்பகுதியில் தொடங்கியது 1815 ஆம் ஆண்டில். ஆங்கிலப் படை கண்டியுட் புகுந்தபோது அரசனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் தும்பறைக்குத் தப்பிச் சென்றான். கண்ணுச்சாமி என்னும் இயற்பெயருடன் 1798 இல் அரியணை ஏறிய நாயக்க இளைஞன் அவன். வத்தேகமவுக்குக் கிழக்கே, தெல்தெனியவுக்கும் அப்பால், மெதமகாநுவரப் பகுதியில், பெப்ருவரி 18 ஆம் நாள் அவன் சிறைப்பட்டான். மார்ச்சு 2 ஆம் நாள் கண்டியில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அரசனின் ஆண் உறவினர் எவரும் அனுமதியின்றி நாட்டினுட் காலடி வைத்தலாகாது என்றும், வெளியேற்றப்பட்ட அவ்வினத்து ஆடவர் மீண்டு வருதலாகாது என்றும் அவ்வுடன்படிக்கை விதித்தது, மீறினால் மரணம். 1816 சனவரியில் அரசனும் அவன் பரிவாரமும் கப்பலேறிச் சென்னை சென்று, வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். அங்கு அவன் 1832 சனவரி 30 ஆம் நாள் இறந்தான்.

அவ்வரசனைக் குற்றமற்றவன் எனக் காட்டுதல் வரலாறாகாது. எகலப்பொலையின் குடும்பத்தை அவன் 1814 இற் கொன்ற விதம் அவனுடைய பகைவர் கூறாமலே கொடியது. எகலப்பொலையும் பின்னர் ஆங்கிலேயரால் மொறீசியசுக்கு அனுப்பப்பட்டு 1829 இல் அங்கேயே மாண்டான், துரத்தியவரும் துரத்தப்பட்டவராயினர். ஆனால் வேலூரிற் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவன், கண்டி ஏரியையும் தும்பறை மலைகளையும் எவ்வாறு நினைந்தான் என்பதைக் கூற ஒரு பாட்டும் எஞ்சவில்லை. ஓவிட் தோமிசில் வாழ்ந்ததோ ஒன்பது ஆண்டுகளே. அவற்றை நாள்தோறும் நாம் அறிவோம். எழுத்து ஒருவர்க்கு இருந்தது. மற்றவர்க்கு இருந்தவை காவலரின் அறிக்கைகளும் செலவுக் கணக்குகளுமே.

அவ்வரசன் சென்ற கடலின் வழியே, அவன் இறந்த சில ஆண்டுகளில், தமிழ்நாட்டு உழவர் எதிர்த்திசையில் வரத்தொடங்கினர். மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டைக் கால்நடையாய்க் கடந்து, தம்புள்ளை மாத்தளை வழியாக இம்மலைகளை அடைந்த அவர்களுள், வழியிலே மடிந்தோர் தொகை பெரிது. காட்டைக் கோப்பியாகவும் கோப்பியைத் தேயிலையாகவும் உருமாற்றிய கைகள் அவர்களுடையவை. ஊரைவிட்டு வந்த ஏக்கமும், கங்காணியின் கொடுமையும், கோப்பிப் பழம் பறிக்குங் குளிரும் அவர்களுடைய நாட்டார் பாடல்களில் நிறைந்துள. மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் நாடாளுமன்றஞ் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தேடித் தொகுத்து, 1983 இல் மலைநாட்டு மக்கள் பாடல்கள் என நூலாக்கினார். தோமிசிலிருந்து வந்த கடிதங்களுக்கு ஒப்பாக இம்மலைகளில் வைக்கத்தக்க நூல் அதுவே.

அம்மக்கள் மேல் விழுந்த அடி ஓவிட் கனவிலும் கருதாத வகையினது. ஓவிட்டின் குடியுரிமை அவரிடமே இருந்தது. இடம் மட்டும் பறிபோயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் தாம் நின்ற இடத்தில் நின்றபடியே குடியுரிமையற்றவராயினர். அதே லயம், அதே மலை, அதே கொழுந்துக்கூடை. நாடு மட்டும் இல்லை. 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாத்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. எண்களாகப் படிக்கையில் வழக்கு முடிந்ததுபோலத் தோன்றும். ஒரு லயத்தில் ஓர் அறைக்கு இந்தியக் கடவுச்சீட்டும் அடுத்த அறைக்கு இலங்கைக் குடியுரிமையும் வந்தபோது, அண்ணன் கப்பலேறத் தம்பி நின்ற கதைகள் வத்தேகமவைச் சூழ்ந்த தோட்டங்களிலும் நிகழ்ந்தன. கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே ஓடிய புகைவண்டியும், தலைமன்னாருக்குச் சென்ற வண்டியும் அக்காலத்திற் சுமந்த அழுகையை ஓவிட்டின் ஈற்று இரவோடு ஒருங்குவைத்துப் படிக்கலாம். சென்றவர்களுட் பலர் நீலகிரிச் சரிவுகளில், தமிழ்நாட்டு அரசு அவர்களுக்கென அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். நின்றவர்களுட் குடியுரிமையின்றி எஞ்சியோர்க்கு 1988 ஆம் ஆண்டிலும் 2003 ஆம் ஆண்டிலும் இயற்றிய சட்டங்களே வழி திறந்தன. முதற்சட்டத்துக்கும் ஈற்றுச் சட்டத்துக்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

தோமிசில் வாழ்ந்த நாளில் ஓவிட் அவ்வூரார் மொழியைக் கற்று, அதிற் பாட்டொன்றும் இயற்றியதாக ஒரு கடிதத்திற் சற்று நாணத்துடன் ஒப்புக்கொள்கிறார். அப்பாட்டை அவர் படித்தபோது அங்குள்ளார் அம்புத்தூணிகளை அசைத்து ஆரவாரித்தனராம். வந்த நாட்டை அவர் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதற்கு அதுவே சான்று. அப்பாட்டில் ஓர் எழுத்தும் எஞ்சவில்லை.

ஒகஸ்தஸ் கி. பி. 14 இல் மறைந்தான். அடுத்து வந்த திபேரியசும் கவிஞரை அழைக்கவில்லை. கி. பி. 17 அல்லது 18 இல் ஓவிட் தோமிசிலேயே இறந்தார். அவர் கல்லறை இருந்த இடம் தெரியவில்லை. 1887 இல் எழுப்பிய சிலையொன்று கொன்ஸ்தான்சா நகரில் நிற்கிறது. வேலூரிற் பாலாற்றங்கரையில் கண்டியரசனின் கல்லறையைச் சூழ 1990 இற் றமிழ்நாட்டு அரசு மண்டபம் கட்டியது. 2017 டிசம்பரில் உரோமாபுரி நகரசபை கூடி, ஓவிட்டை நாடுகடத்திய ஆணையை முறைப்படி நீக்கியது.